கிட்டங்கி மாடியும் இரண்டு வளையம் வைத்த பலகையும்

வாடகைக்கு இடம் பார்க்கப் போகிறவன் சுவரைத் தட்டிப் பார்ப்பான், கூரையை அண்ணாந்து பார்ப்பான், குழாயைத் திருகிப் பார்ப்பான். எதிரே டீக்கடை வைத்திருப்பவரிடம் அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான். நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு டீயோடு விஷயம் முடிந்திருக்கும். கேட்காததால், அருப்புக்கோட்டை கடைவீதியில் பட்டப்பகலில், கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, என் பெயர் எழுதிய பலகையை நானே கயிறு கட்டி இழுத்துப் போக நேர்ந்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்தேழு வயது. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில் எங்கள் கிராமம். அப்பா பிறத்தியார் காட்டில் கூலிக்கு உழுதவர். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான். முதல் வக்கீலும் நான். (இந்த 'முதல்' என்கிற வார்த்தை தலைக்கு ஏறிவிட்டால் சுலபத்தில் இறங்காது.) மெட்ராஸில் சட்டம் படித்துவிட்டு, மதுரையில் ஒரு சீனியரிடம் இரண்டு வருஷம் கேஸ் கட்டு தூக்கினேன். பிறகு ஒரு நாள், அருப்புக்கோட்டையில் தனியாக ஆபீஸ் போடப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். நல்ல மனுஷர். "கார்த்திகை பொறக்குற வரைக்கும் உன் நாற்காலிய வேற ஆளுக்குக் கொடுக்க மாட்டேன். முடியலைன்னா வெக்கப்படாம வந்துரு" என்றார். வெட்கப்படாமல் திரும்பிப் போவது என்பது என் உடம்பிலேயே கிடையாது.

அப்பா வேறொரு நிபந்தனை போட்டார். ஆபீஸ் திறக்கும் நாளுக்கு வாருங்கள், என் நாற்காலியில் நீங்கள்தான் முதலில் உட்கார வேண்டும் என்று ஊருக்குப் போய்க் கூப்பிட்டேன். அவர் வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"மொதல்ல கேஸோட ஒரு ஆளு வந்து ஒக்காரட்டும்ப்பா. பெறகு நான் வந்து ஒக்காருறேன். ஆளே வராத ஆபீஸ்ல நான் ஒக்காந்து என்ன செய்ய? அதுக்கு நம்ம வேப்ப மரத்தடியே போதும்."

ஆக, கார்த்திகைக்குள் ஒரே ஒரு கட்சிக்காரர் படியேறி வர வேண்டும். வந்தால் அப்பா வருவார். வராவிட்டால் மதுரைக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். என் வாழ்க்கை அந்த வருஷம் இவ்வளவு சுருக்கமாக இருந்தது.

இடம் தேடினேன். கடைவீதியில் நான்கு இடங்கள் காலியாக இருந்தன. நான்கு பேரும் என்னை மரியாதையாக உட்கார வைத்தார்கள். "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். சொன்னேன். "அப்பா என்ன செய்றாக?" சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். மூன்றாவது பதில் முடிவதற்குள் அந்த இடம், நேற்றுச் சாயங்காலம்தான் வேறு ஒருவருக்குப் பேசி முடித்ததாக ஆகிவிட்டிருக்கும். நான்கு இடமும் நேற்றுச் சாயங்காலமே போய்விட்டன. அருப்புக்கோட்டையில் அப்படியொரு சாயங்காலம்.

ஐந்தாவதுதான் கிட்டங்கி. அந்தக் காலத்தில் ஒரு பெரிய பருத்தி வியாபாரி கட்டிய சரக்குக் கட்டடம். சுண்ணாம்பும் செங்கல்லும் குழைத்துக் கட்டிய, ஒரு ஆள் படுத்துத் தூங்கும் அகலத்துக்குச் சுவர். வியாபாரம் நொடித்து வெகுநாள் பூட்டிக் கிடந்ததை, மதுரையில் குடியிருந்த அவருடைய பேரன் திறந்து, சுவரைச் சுரண்டி, டிஸ்டெம்பர் அடித்து, டியூப் லைட் போட்டு, மாடியைப் பலகைத் தடுப்பால் அறை அறையாகப் பிரித்து, ஆபீஸ்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஸ்லாக் சட்டை, கூலிங் கிளாஸ்.

"நூறு வருஷக் கட்டடம் சார். இப்படி ஒரு உத்தரம் இனிமே யாராலயும் போட முடியுமா? பழமையும் இருக்கும், ஃபேனும் ஓடும்" என்றார்.

அவர் என்னிடம் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக, கூரை இல்லாத இடமாக இருந்தாலும் நான் எடுத்திருப்பேன்.

கடைவீதியைப் பார்த்த மாடி அறை. மூன்று ஜன்னல், மேல் வளைவில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. காலை வெயில் பட்டால் என் சட்டப் புத்தகங்கள் எல்லாம் பஞ்சு மிட்டாய் நிறத்தில் இருக்கும். ஃபேனைப் போட்டால் உத்தரத்து இடுக்கிலிருந்து ஐம்பது வருஷத்துப் பஞ்சு மெதுவாக இறங்கிக் கறுப்புக் கோட்டில் உட்காரும். மத்தியானச் சூட்டில் சுவரெல்லாம் பருத்திக்கொட்டை மணக்கும். அந்த மணத்துக்குத் தெருவில் போகிற ஆடுகள் படிக்கட்டுக் கீழே வந்து நின்று ஏக்கமாக மேலே பார்க்கும். என் ஆபீசுக்கு ஆசைப்பட்டு வந்த முதல் ஜீவன்கள் அவைதான்.

இனி பலகைக்கு வருகிறேன்.

பெயர்ப் பலகைக்கு மரம் வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். கட்டடத்தின் பக்கவாட்டில், சந்துப் பக்கம் பார்த்த ஒரு நீள நடை உண்டு. அங்கே மக்கிப்போன சாக்குகளுக்குப் பின்னால் சுவரில் சாத்தி ஒரு பலகை இருந்தது. ஆள் உயரம், ஒரு முழ அகலம், நல்ல தேக்கு. ஒரு பக்கம் முழுக்கக் கீறல், தேய்மானம். ஒரு முனையில் மட்டும் இரண்டு பெரிய இரும்பு வளையங்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. எத்தனை பருத்தி மூடைகளைச் சுமந்த பலகையோ! சரித்திரக் கட்டடத்தில் சரித்திரப் பலகை! தொங்கவிடுவதற்கு வளையம் கூடத் தயாராக இருக்கிறது!

"எடுத்துக்குங்க சார். இந்தக் கட்டடத்துல எதத் தொட்டாலும் பழசுதான்" என்றார் வீட்டுக்காரர் பெருமையாக.

தச்சு வேலைக்கு அவர் கூட்டி வந்திருந்த ஆசாரி ராஜபாளையத்துக்காரர். இரண்டு பக்கமும் அரை இஞ்சு இழைத்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தார். வீட்டுக்காரர் மதுரை, ஆசாரி ராஜபாளையம், நான் நரிக்குடிப் பக்கம். அந்தப் பலகையைத் தொட்ட மூன்று பேரில் ஒருவர்கூட அருப்புக்கோட்டை இல்லை என்பதைப் பிற்பாடுதான் யோசித்தேன்.

நான்காவதாகத் தொட்ட பெயிண்டர் உள்ளூர். பலகையைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்த வளையத்தக் கழட்டிருவமா சார்?"

"அதுதான்யா அழகே."

"வேற பலகை நான் கொண்டாரேன். சும்மாவே தாரேன்."

"எதுக்கு? இது நூறு வருஷப் பலகை."

"அது தெரியும் சார்" என்றார்.

தெரியும் என்று சொன்னவரை, என்ன தெரியும் என்று கேட்டேனா? கேட்டால் நான் எப்படி வக்கீல் ஆவது? வளையம் ஒரு முனையில் இருந்ததால் பலகை நெட்டுக்குத்தாகத்தான் தொங்கும். அதனால் 'இ. இருளப்பன் பி.ஏ., பி.எல்.' என்று எழுத்துக்குக் கீழ் எழுத்தாக, மஞ்சள் தரையில் கறுப்பில் எழுதினார். அந்தக் காலத்துப் பெயிண்டர்கள் மூலையில் தங்கள் பெயரையும் போட்டுக்கொள்வார்கள். இவர் போடவில்லை. அடக்கமான மனுஷர் என்று சரோஜாவிடம் சொன்னேன்.

சரோஜா என் மனைவி. பாலவனத்தத்தில் டீச்சர். தினமும் பஸ்ஸில் போய் வந்து குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். நான் கறுப்புக் கோட்டில் பஞ்சு தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் நல்ல முகூர்த்தம் பார்த்துப் பால் காய்ச்சினோம். பலகையை வாசலுக்கு நேர் மேலே தொங்கவிட்டோம். அன்று தொட்டு ஒரு ஈ காக்கை படியேறவில்லை.

சும்மா வராமல் இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். வந்து திரும்பினார்கள். ஒரு பெரியவர், கையில் மஞ்சள் பையும் அதில் கத்தைக் காகிதமுமாக, நேராக வாசலுக்கு வந்தார். மாடி ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலை நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த வேகத்தைவிட வேகமாகப் போனார். இன்னொரு அம்மா மூன்று படி ஏறி, ஏதோ ஞாபகம் வந்து, இறங்கி நின்று மேலே பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். கீழே ஜவுளிக்கடை வைத்திருந்தவர், காற்று வரவில்லை என்று சொல்லிச் சந்துப் பக்கம் புதிதாக ஒரு வாசல் வெட்டிக்கொண்டார். டீக்கடைக்காரர் மட்டும் ஒரு நாள், "வேற எடம் பாத்தா என்னய்யா? நல்ல மனுசனா இருக்கீக" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. (விளங்காதவனுக்குத்தான் எல்லாம் சீக்கிரம் விளங்கும்.) மேலே பார்க்கிறார்கள், என் பெயரைப் படிக்கிறார்கள், பெயரைப் படித்ததும் எந்தத் தெரு என்று தெரிந்துவிடுகிறது, திரும்பிப் போகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி எத்தனை மத்தியானம் இதையே நினைத்துப் புழுங்கியிருக்கிறேன்! புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடாது. என் வயசுக்கு அழக்கூடாது என்பதால் கோபப்பட்டேன். யாராவது டீக்கடையில் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றும். நல்லவர்கள் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள்; அதில் ஏளனம் இருந்ததாக எண்ணிப் பதில் வணக்கம் சொல்லாமல் போனேன்.

சரோஜாதான் ஒரு நாள் சொன்னாள்: "எனக்கென்னமோ அவுக ஒங்க பேரப் படிக்கிற மாதிரி தெரியலைங்க. பேருக்கு மேல பாக்காக."

"பேருக்கு மேல என்ன இருக்கு? வளையம்தான் இருக்கு."

"அதத்தான் சொல்றேன்."

நான் கேட்கவில்லை. வேதனைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால், மனுஷன் அதை அவ்வளவு லேசில் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த வருஷம் வானமும் அப்படியே. ஆவணி போனது, புரட்டாசி போனது. ஐப்பசி பாதி ஆகியும் கரிசக்காடு வெடித்த வெடிப்பு வாய் மூடவில்லை. விதைப் பருத்தி வீட்டில் கிடந்தது. தெருக்குழாயில் குடம் வரிசை தெருமுனை தாண்டிப் போனது. அந்த வாரம்தான் சீனியரிடமிருந்து கடிதாசி வந்தது. கார்த்திகைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, என்ன முடிவு என்று கேட்டிருந்தார். 'வருகிறேன்' என்று ஒரு கார்டில் எழுதி, தபாலில் போடாமல் மேஜை மேல் வைத்திருந்தேன். என்னிடம் சொல்லாமல் சரோஜா ஊருக்கு ஆள் அனுப்பி அப்பாவை வரச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு ஆள் அல்ல, கூட்டம்.

பாய்ந்து கோட்டை மாட்டினேன். தலை சீவினேன். கைக்கு வந்த ஒரு தடிப் புத்தகத்தை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு, ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருப்பவன் போலக் குனிந்துகொண்டேன். (புத்தகம் தலைகீழாக இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.)

இருபது பெண்கள் உள்ளே வந்து நின்றார்கள். முன்னால் நின்றவருக்கு ஐம்பது வயசு இருக்கும், நெசவாளர் தெரு ரங்கம்மா. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். இரண்டிலும் யாரும் எதிர்த்துப் பேச முடியாத குரல்.

"ஒவ்வொருத்தரா பேசுங்க. உங்கள்ல யாரும்மா வாதி?" என்றேன் மிடுக்காக.

"நாங்க இத்தன பேரும் வாதி. பிரதிவாதி நீங்கதான்யா" என்றார் ரங்கம்மா.

பின்னாலிருந்து ஒருத்தி, "பலகையக் கேளுக்கா" என்றாள்.

"கேக்கத்தான போறேன், இரு. வக்கீலய்யா, மழை இல்ல. நல்ல நாளும் பாத்தாச்சு. இன்னைக்குக் கொடும்பாவி இழுக்கப் போறோம். வாசல்ல தொங்க விட்டிருக்கீகளே, அந்தப் பலகை வேணும்."

கொடும்பாவி என்றால் எனக்கு விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்தால் எங்கள் பக்கமும் உண்டு. ஊரின் பாவத்தையெல்லாம் சேர்த்து வைக்கோலில் ஒரு உருவம் கட்டி, செத்தவளாகப் பாவித்து, மாரடித்து ஒப்பாரி வைத்து, தெருத்தெருவாகத் தரையில் இழுத்துப்போய் ஊருக்கு வெளியே கொளுத்துவார்கள். எங்கள் கிராமத்தில் பனையோலையில் வைத்து இழுப்போம். இங்கே பலகை.

எந்தப் பலகை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. ஆள் உயரம். ஒரு முழ அகலம். தரையில் இழுபட்ட கீறல். கயிறு கட்ட இரண்டு வளையம்.

"அது... பருத்தி மூடை ஏத்துற பலகை இல்லையா?"

"மூடையா? எங்க ஆத்தா காலத்துல இருந்து பாவியப் படுக்க வச்சு இழுக்குற பலகைய்யா அது! வீட்டுல வைக்கக் கூடாதுன்னு, ஆள் குடியில்லாத கிட்டங்கி நடையில வச்சிருந்தோம். அத எடுத்து இழைச்சு, சாயம் பூசி, அதுல ஒம்பேர எழுதி, வாசல்ல தலைக்கு மேல கட்டி வச்சிருக்கியே! அதுக்குக் கீழ குனிஞ்சு எவன் உள்ள வருவான்?"

கோபத்தில் மரியாதைப் பன்மை போய்விட்டது. நியாயம்தான்.

"ஒருத்தராவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"வக்கீல்கிட்ட வந்து, ஒம்பேரு பொணப் பலகையில இருக்குதுன்னு எவன்யா சொல்லுவான்? மானநஷ்டம்னு கேஸ் போட்டுட்டா?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்கு மூன்று மாதப் புழுக்கமும் அப்போது பொங்கி வந்துவிட்டது. "பொய் சொல்லாதீங்க! நான் யாரு, எந்தத் தெருன்னு தெரிஞ்சுதானே ஒருத்தரும் படியேறல?" என்று கத்திவிட்டேன். குரல் உடைந்தது. வக்கீல் குரல் அப்படி உடையக் கூடாது.

சிரிப்பு நின்றது. ரங்கம்மா ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"அப்படி நெனைக்கிறவுக ஊர்ல இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். "இருக்காக. ஆனா எனக்கு ஒரு செவுத்துப் பெரச்சனை இருக்கு. நானே ரெண்டு வாட்டி வாசல் வரைக்கும் வந்துட்டுப் போனேன். எனக்கு ஒந்தெரு எதுக்கு? அந்தப் பலகைதான் பயம்."

இன்றைக்கு யோசித்தாலும் அந்தப் பதில்தான் என்னை உட்கார வைக்கிறது. நான்கு இடங்கள் நேற்றுச் சாயங்காலம் போனதற்கு எந்தப் பலகையும் காரணம் இல்லை. அதை நான் மறக்கவும் மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் வணக்கம் சொன்ன அந்த இரண்டு பேருக்கு நான் பதில் வணக்கம் சொல்லியிருக்க வேண்டும்.

அதன் பிறகு அங்கேயே விசாரணை நடந்தது. என் ஆபீஸ் முதல் முதலாக நிறைந்தது என் மேல் நடந்த வழக்குக்குத்தான். குற்றம் ஒன்று: ஊர்ப் பலகையை எடுத்தது. இரண்டு: அரை இஞ்சு இழைத்தது. மூன்று: மழைக்குக் குறுக்கே மூன்று மாசம் அதை நெட்டுக்குத்தாகத் தொங்கவிட்டது. தண்டனையாக, நான் மொட்டை அடித்துக்கொண்டு கொள்ளிச்சட்டி தூக்க வேண்டும் என்று ஒரு கட்சி சொன்னது. என் சட்டப் படிப்பு முழுவதையும் திரட்டி வாதாடினேன். தெரியாமல் செய்தது, உள்நோக்கம் இல்லாதது, முதல் குற்றம் என்றெல்லாம் அடுக்கினேன். கடைசியில் மொட்டை தள்ளுபடி ஆனது. கயிறு இழுப்பது உறுதியானது. என் தொழிலில் நான் பெற்ற முதல் தீர்ப்பு, பாதி எனக்குச் சாதகம்.

ஆள் ஏறிப் பலகையை அவிழ்த்தார்கள். பெயரை அழிக்க நேரமில்லை. அந்த வருஷம் வைக்கோலுக்கும் பஞ்சம். எவர் வீட்டு மாட்டிடமிருந்தோ பிடுங்கி வந்தது போதாமல், பாவி குட்டையாகப் போய்விட்டாள். வளையம் இருக்கிற தலைமாட்டில் பலகை மிச்சம் இருந்தது. அதில் என் பெயர் முழுசாகத் தெரிந்தது. கிழிந்த சேலை கட்டிய வைக்கோல் பொம்மை. அதன் தலைக்கு மேல் 'இ. இருளப்பன்'. காலுக்கு அடியில் பி.எல். மட்டும் எட்டிப் பார்த்தது.

ஒரு கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். இன்னொரு வளையத்துக் கயிறு சும்மா கிடந்தது. அதைத் தொட யாரும் முன்வரவில்லை. எங்கள் ஊரில் அந்தக் கயிறுகளை எப்போதும் எங்கள் தெருக்காரர்கள்தான் இழுத்தார்கள். அப்பா இழுத்திருக்கிறார். அப்பாவின் அப்பா இழுத்திருக்கிறார். அதிலிருந்து தப்பத்தான் நான் படித்தேன். படித்து, கோட்டு போட்டு, அதே கயிறு கையில் நிற்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரங்கம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து அந்தக் கயிற்றை எடுத்தார்.

"அக்கா, நீயா?" என்றாள் ஒருத்தி.

"தப்பு இவரது. மழை எல்லாருக்கும்தான. ஆளுக்கு ஒரு கயிறு. நடங்க வக்கீலய்யா."

கொட்டுச் சத்தம் எழும்பியது. பின்னால் இருபது பெண்களும் மாரடித்து அழுதார்கள். கடைவீதி முழுக்க எழுந்து நின்றது. கோட்டில் பஞ்சு ஒட்டிய ஒரு வக்கீலும் நெசவாளர் தெரு ரங்கம்மாவும் ஜோடியாக இழுக்க, என் பெயர் சுமந்த பலகை கரகரவென்று தரையில் தேய்ந்துகொண்டு வந்தது. தெரியாத வழிப்போக்கர் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, "அடப்பாவமே, சின்ன வயசா?" என்று என்னிடமே விசாரித்தார். கோர்ட்டு முன்னால் போகும்போது தொழிலில் மூத்தவர்கள் நான்கு பேர் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பும்போது கூட்டத்தில் அப்பாவைப் பார்த்தேன். நரிக்குடி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். தோளில் துண்டு, கையில் பை. என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். மறு கயிற்றைப் பிடித்திருந்த ரங்கம்மாவை ரொம்ப நேரம் பார்த்தார். கூட்டத்தோடு பின்னாலேயே நடந்து வந்தார். பாளையம்பட்டிப் பக்கம் பொட்டலில் பாவியைக் கொளுத்தி முடிக்கும் வரை பையைக் கீழே வைக்காமல் நின்றார்.

ஆபீசுக்குத் திரும்பினோம். ரங்கம்மா மூச்சு வாங்கிக்கொண்டே மாடியேறி, கட்சிக்காரருக்கென்று நான் போட்டிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் அந்த நாற்காலி முதல் முதலாகக் கிறீச்சிட்டது.

"அந்தக் காத்தாடியப் போடுங்க. ஒக்காந்தது ஒக்காந்தேன், அந்தச் செவுத்து வெவரத்தையும் சொல்லிப்புடுறேன். எங்க தறி வீட்டுச் செவுத்துல பக்கத்து வீட்டுக்காரன் உத்தரத்தச் சொருகுறான்..."

நான் காகிதம் எடுத்துக் குறித்துக்கொண்டேன். முழு விவரமும் சொல்லி முடித்து அவர் இறங்கிப் போன பிறகு, கதவுப் பக்கம் நின்றிருந்த அப்பா உள்ளே வந்தார். என் நாற்காலியைத் துண்டால் இரண்டு தட்டுத் தட்டினார். உட்கார்ந்தார். கைகளை மேஜை மேல் எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"கோவமாப்பா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸ விட்டு எறங்கும்போது கோவம் வந்துச்சு. இதுக்கா படிக்க வச்சோம்னு வந்துச்சு." கொஞ்ச நேரம் கலர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார். "நாங்க தலைமொற தலைமொறயா இழுத்தோம்ப்பா. எவனும் எங்க பேர எழுதி இழுக்கல."

மேஜை மேல் இருந்த கார்டை நான் கிழித்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் மழை பெய்தது. பாளையம்பட்டியில் ஆரம்பித்துக் கடைவீதி வரை நனைத்துவிட்டு நின்றுகொண்டது. அதைத் தாண்டி ஒரு சொட்டு இல்லை. ரங்கம்மா வழியில் பார்த்து, "கொறைஞ்சது எல்லாம் நீங்க இழைச்சு எடுத்த அந்த அரை இஞ்சுதான்" என்றார். பலகை நடையில் அதன் பழைய இடத்துக்குப் போனது. வீட்டுக்காரர் இன்னொரு தடவை கட்டடத்தைப் புதுப்பித்தாலும் யாரும் அதைத் தொடக் கூடாது என்று ஒரு ஒப்பந்தம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அந்த ஆபீசில் நான் எழுதிய முதல் பத்திரம் அது. எனக்குச் சின்னதாக ஒரு தகரப் போர்டு போதும் என்று ஆகிவிட்டது. உண்மையில் அதுவும் தேவைப்படவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, "கொடும்பாவி வக்கீல் ஆபீசு எது?" என்று கேட்டால் ஆடு மேய்க்கிறவர்கூட வழி காட்டினார். ரங்கம்மாவின் சுவரை இரண்டு வருஷத்தில் ஜெயித்துக் கொடுத்தேன்.

இப்போது அதே மாடியில் என் மகன் உட்காருகிறான். இடையில் எத்தனையோ வறண்ட வருஷங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பலகை என் பெயரோடேயே தெருவில் இறங்கியது. போன வருஷமும் மழை இல்லை. ரங்கம்மாவின் மகள் வந்தாள். அவளுக்கே தலை நரைத்துவிட்டது. பலகையை எடுத்துப் பார்த்துவிட்டு நேராக மாடிக்கு வந்தாள்.

"வக்கீலய்யா, பேரு தேஞ்சு அழிஞ்சுபோச்சு. வெறும் பலகைய இழுத்து என்ன பிரயோசனம்? புதுசா எழுதிக் குடுங்க" என்றாள்.

மகன் சிரித்துக்கொண்டே பெயிண்டருக்குப் போன் போட எழுந்தான். "யார் பேர எழுதச் சொல்லட்டும்ப்பா? உங்க பேரா, என் பேரா?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஜன்னலோரம் விசிறிக்கொண்டிருந்த சரோஜா முடிவு சொல்லிவிட்டாள்.

"ரெண்டையும் எழுதச் சொல்லுப்பா. இந்த வருசம் வெயிலு ஜாஸ்தி."